மதுரை நாயக்கர் ஆட்சிமுறை

மதுரை நாயக்கர் ஆட்சிமுறை என்பது கி.பி. 1529 முதல் 1736 வரை மதுரையையும் திருச்சிராப்பள்ளியையும் தலைநகரங்களாகக் கொண்டு ஆண்ட நாயக்க மன்னர்களின் அரசு அமைப்பைக் குறிக்கும். இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதிகளும், சேலம், கோயம்புத்தூர் வட்டாரங்களின் சில பகுதிகளும் வெவ்வேறு காலங்களில் இவ்வரசின் கீழ் இருந்தன.

இவ்வாட்சி பரம்பரை முடியாட்சி ஆகும். எனினும் மன்னர் தனித்து எல்லா அதிகாரத்தையும் செலுத்தவில்லை. மேலே விசயநகரப் பேரரசரும், அருகே தளவாய் முதலிய அமைச்சர்களும், கீழே பாளையக்காரர்களும் ஊர் அமைப்புகளும் அவரது அதிகாரத்தை வரம்பிட்டனர். இவ்வரம்புகள் வழக்கத்தாலும் படைபலத்தாலும் அமைந்தவையே அன்றி, எழுதப்பட்ட சட்டத்தால் அமைந்தவை அல்ல. இக்காரணத்தால் மதுரை நாயக்கர் ஆட்சியை இன்றைய அரசியல்சட்ட முடியாட்சிகளுடன் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையதாகும்.

பின்னணி

மதுரையில் 14ஆம் நூற்றாண்டில் நிலவிய மதுரை சுல்தானகத்தை விசயநகர இளவரசர் குமார கம்பணர் முறியடித்த பின், தென் தமிழகம் படிப்படியாக விசயநகரப் பேரரசின் செல்வாக்கிற்குள் வந்தது. பேரரசர் தம் படைத்தலைவர்களுக்கு நிலப்பகுதிகளை ஒப்படைத்து, அதற்கு ஈடாகப் படை உதவியும் திறையும் பெறும் முறை நாயங்கார முறை எனப்பட்டது. இவ்வாறு பகுதி பெற்றவர்கள் நாயக்கர்கள் எனப்பட்டனர்.

மதுரை நாயக்கர் மரபைத் தொடங்கியவர் விசுவநாத நாயக்கர். இவருடைய தந்தை நாகம நாயக்கர் பாண்டியருக்கு உதவுமாறு அனுப்பப்பட்டு, பின்னர் மதுரையைத் தாமே வைத்துக்கொண்டதாகவும், பேரரசரின் ஆணைப்படி மகனே தந்தையை வென்று பிடித்துச் சென்றதாகவும், அதற்குப் பரிசாக மதுரை ஆட்சியைப் பெற்றதாகவும் மரபு வரலாறு கூறுகிறது. ஆட்சி தொடங்கிய ஆண்டு பொதுவாக 1529 எனக் கொள்ளப்படுகிறது.

மன்னரின் நிலை

மதுரை நாயக்கர்கள் கர்த்தாக்கள் என்றும் அழைக்கப்பட்டனர். பேரரசரின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை நடத்துபவர் என்பது இதன் பொருளாகும். விசுவநாதரும் அவரை அடுத்து வந்தவர்களும் விசயநகரப் பேரரசருக்குத் திறை செலுத்தி, அவரது மேலாண்மையை ஏற்றிருந்தனர்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் தோல்வியுற்ற பின் இப்பிணைப்பு தளர்ந்தது. திருமலை நாயக்கர் (1623-1659) திறை செலுத்துவதை நிறுத்தினார். பேரரசர் மூன்றாம் சீரங்கர் படையெடுக்க முற்பட்டபோது, அவருக்கு எதிராகத் தக்காணச் சுல்தான்களின் உதவியை நாடினார். இதன் விளைவாகப் பேரரசரின் மேலாண்மை நீங்கியது. ஆனால் பீசப்பூர் சுல்தானுக்குத் திறை செலுத்தும் நிலை ஏற்பட்டது. பிற்காலத்தில் ராணி மங்கம்மாள் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் மேலாண்மையை ஏற்றார். எனவே மதுரை அரசு பெரும்பாலான காலம் யாரேனும் ஒரு மேலரசுக்குக் கட்டுப்பட்டே இருந்தது.

மன்னர் பதவிக்குச் சமயச் சார்பான ஏற்பும் தேவைப்பட்டது. மதுரையின் அரசியாக மீனாட்சியம்மன் கருதப்படுகிறார். சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டாபிசேகம் செய்து செங்கோல் வழங்கப்படுகிறது. அச்செங்கோலை மன்னர் பெற்று அரண்மனையில் அரியணை மீது வைத்து வழிபட்டு, மீண்டும் கோயிலில் ஒப்படைக்கும் வழக்கம் திருமலை நாயக்கர் காலத்தில் இருந்தது. அம்மனின் சார்பில் ஆள்பவர் என்ற தகுதி இதனால் மன்னருக்குக் கிடைத்தது. இன்று அச்செங்கோலைக் கோயிலின் தக்கார் அல்லது அறங்காவலர் பெற்றுக்கொள்கிறார். சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதங்கள் மீனாட்சியம்மனும், ஆவணி முதல் பங்குனி வரை எட்டு மாதங்கள் சுந்தரேசுவரரும் மதுரையை ஆள்வதாக இன்றும் ஐதீகம் உள்ளது.

தலைநகரம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. முதலாம் முத்து வீரப்ப நாயக்கர் காலத்தில் மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. திருமலை நாயக்கர் மீண்டும் மதுரைக்குக் கொண்டுவந்தார். அவர் 1636இல் கட்டிய மகாலில் உள்ள சொர்க்க விலாசம் என்னும் மண்டபமே அரசவையாக விளங்கியது. சொக்கநாத நாயக்கர் (1659-1682) காலத்தில் தலைநகரம் மறுபடியும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது.

அமைச்சர்களும் அதிகாரிகளும்

மைய அரசின் முதன்மைப் பதவிகள் பின்வருமாறு:

* தளவாய் - படைத்தலைவர். பெரும்பாலும் இவரே முதன்மை அமைச்சராகவும் விளங்கினார்.
* பிரதானி - நிதி, வருவாய் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்.
* இராயசம் - அரசின் செயலர். ஆணைகளையும் ஓலைகளையும் எழுதி அனுப்பும் பொறுப்புடையவர்.
* கணக்கர் - அரசின் வரவு செலவுகளைப் பேணியவர்.
* தானாபதி - பிற அரசுகளுடனான தொடர்புகளைக் கவனித்தவர்.

இப்பதவிகளுள் தளவாய் பதவியே மிகுந்த வலிமை பெற்றது. விசுவநாத நாயக்கரின் தளவாயான அரியநாத முதலியார் பிரதானிப் பொறுப்பையும் சேர்த்து வகித்தார். அடுத்தடுத்த மன்னர்களின் காலத்திலும் அவர் தொடர்ந்து பணியாற்றினார். மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைக் கட்டியவர் இவரே. மண்டபத்தின் வாயிலில் குதிரை மீது அமர்ந்த நிலையில் இவரது சிற்பம் உள்ளது. திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையன் சேது நாட்டின் மீது நடத்திய போர் 'இராமப்பய்யன் அம்மானை' என்னும் கதைப்பாடலின் பொருளாகும்.

வலிமையான மன்னரிடம் அமைச்சர்கள் கட்டுப்பட்டு நடந்தனர். மன்னர் இளையவராகவோ ஆட்சியில் நாட்டமற்றவராகவோ இருந்தபோது அவர்களே அரசை நடத்தினர். சொக்கநாத நாயக்கர் இளம் வயதில் பதவியேற்றபோது தளவாய், பிரதானி, இராயசம் ஆகியோர் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அவரை நீக்கித் தம்பியை அரியணையில் ஏற்றவும் முயன்றனர். சதி முறியடிக்கப்பட்டது, தளவாய் இலிங்கம நாயக்கர் தஞ்சாவூருக்குத் தப்பிச் சென்றார். அமைச்சர்களை விசாரிக்கவோ நீக்கவோ அவை எதுவும் இருக்கவில்லை. அவர்களை மன்னர் அடக்கவேண்டும், அல்லது அவர்களுக்கு மன்னர் அடங்கவேண்டும் என்பதே நிலையாக இருந்தது.

நிர்வாகப் பிரிவுகள்

நாடு நிர்வாக வசதிக்காகச் சீமை, நாடு, மாகாணம், கிராமம் முதலிய பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இப்பெயர்கள் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்டன. திருநெல்வேலிச் சீமை போன்ற தொலைவான பகுதிகளுக்கு மன்னரின் சார்பாளர்கள் அனுப்பப்பட்டனர்.

கிராமமே அடிப்படைப் பிரிவாகும். மணியக்காரர் வரி திரட்டினார். கணக்கர் நிலக்கணக்கைப் பேணினார். தலையாரி காவல் பணி செய்தார். கண்மாய் நீரை வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சுபவர் நீர்பாய்ச்சி எனப்பட்டார். வைகைச் சமவெளியில் வேளாண்மை பெரிதும் கண்மாய்களை நம்பியிருந்ததால் இப்பணி இன்றியமையாததாக இருந்தது. இவர்களுக்கு ஊதியமாக அறுவடையில் ஒரு பங்கோ, மானிய நிலமோ வழங்கப்பட்டது. அரசர்கள் மாறினாலும் இவ்வூர் அமைப்பு பெரிதும் மாறாமல் தொடர்ந்தது.

பாளையங்கள்

நாயக்கர் ஆட்சியின் தனிச்சிறப்பு பாளையப்பட்டு முறையாகும். பாளையம் என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்று பொருள். விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. விசுவநாதர் மதுரையில் கட்டிய புதிய கோட்டையின் 72 கொத்தளங்களும் பாளையக்காரர்களிடம் ஆளுக்கு ஒன்றாக ஒப்படைக்கப்பட்டன என்றும் கூறப்படுகிறது. நடைமுறையில் பாளையங்களின் எண்ணிக்கை காலத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும் வந்தது.

இம்முறை தோன்றியதற்கு அரசியல் காரணம் உண்டு. புதிய ஆட்சியாளர்கள் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுடன் வந்த படைத்தலைவர்களுக்குப் பங்களிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இங்கு வலிமையுடன் இருந்த உள்ளூர்த் தலைவர்களையும் பகைக்காமல் ஆட்சிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. பாளையம் வழங்கியதன் மூலம் இரு தரப்பினரும் அரசின் பங்காளிகள் ஆக்கப்பட்டனர். திருநெல்வேலிச் சீமையின் கிழக்கே எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற தெலுங்கு நாயக்கர் பாளையங்களும், மேற்கே சிவகிரி, ஊற்றுமலை, சேத்தூர் போன்ற மறவர் பாளையங்களும் அமைந்திருந்தன. மதுரைக்கு வடக்கிலும் மேற்கிலும் நிலக்கோட்டை, கன்னிவாடி, விருப்பாட்சி, போடிநாயக்கனூர், சாப்டூர் முதலியவை இருந்தன.

பாளையக்காரரின் கடமைகளும் உரிமைகளும் பின்வருமாறு:

* தம் பாளையத்தில் வரி திரட்டுதல். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்க மன்னருக்கும், ஒரு பங்கு படைச் செலவிற்கும், எஞ்சிய ஒரு பங்கு பாளையக்காரருக்கும் உரியது என்பது பொதுவாகக் கூறப்படும் பங்கீடாகும்.
* குறிப்பிட்ட அளவு படையை வைத்திருந்து, போர்க்காலத்தில் மன்னருக்கு அனுப்புதல்.
* பாளையத்திற்குள் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்குதல்.
* காவல் பணி. களவு போன பொருளை மீட்டுத் தருவது அல்லது ஈடு செய்வது காவல்காரரின் பொறுப்பு. இதற்காக ஊரார் காவல் வரி செலுத்தினர். ஊர் அளவில் அமைந்தது தலக்காவல் எனவும், பல ஊர்களை உள்ளடக்கியது திசைக்காவல் எனவும் வழங்கப்பட்டன.

வரி, படை, நீதி, காவல் ஆகிய நான்கும் ஒருவரிடமே இருந்ததால் ஒவ்வொரு பாளையமும் ஒரு சிற்றரசு போலவே இயங்கியது. மன்னருக்குச் சேரவேண்டிய பங்கைச் செலுத்தும் வரை அவர் உள்விவகாரங்களில் தலையிடுவது அரிது. பாளையக்காரர் எதிர்த்தால் பிற பாளையங்களின் படைகளைக் கொண்டே அவரை அடக்கவேண்டியிருந்தது. முதலாம் கிருட்டிணப்ப நாயக்கர் காலத்திலேயே பரமக்குடிப் பகுதியின் தும்பிச்சி நாயக்கர் கிளர்ச்சி செய்து அடக்கப்பட்டார்.

சேது நாடு

இராமநாதபுரம் பகுதியை ஆண்ட சேதுபதிகளின் நிலை பிற பாளையக்காரர்களின் நிலையைவிட உயர்ந்தது. இராமேசுவரம் செல்லும் வழியையும் பயணிகளையும் காக்கும் பொறுப்புடன் முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் 1605 அளவில் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றார்.

மன்னருக்கும் சேதுபதிக்கும் இடையிலான உறவு இவ்வாட்சிமுறையின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. திருமலை நாயக்கர் தம் இறுதிக் காலத்தில் நோயுற்றிருந்தபோது மைசூர்ப் படை மதுரை நோக்கி வந்தது. பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்ததால் இது மூக்கறுப்புப் போர் எனப்படுகிறது. ரகுநாத சேதுபதி பெரும்படையுடன் வந்து மதுரையைக் காத்தார். இதற்கு நன்றியாகத் திருமலை நாயக்கர் அவருக்குத் தம் பெயரையே பட்டமாக அளித்துத் திறை செலுத்துவதிலிருந்தும் விலக்களித்தார். தலைநகரைக் காக்கும் வலிமை மன்னரிடம் இல்லாதபோது, காத்தவருக்கு அவர் கொடுக்கக்கூடியது தம் உரிமையின் ஒரு பகுதியே ஆகும்.

கிழவன் சேதுபதி காலத்தில் இவ்வுறவு முறிந்தது. 1693இல் கிறித்தவப் பாதிரியார் அருளானந்தர் எனப்படும் சான் டி பிரிட்டோ சேதுபதியின் ஆணையால் ஓரியூரில் கொல்லப்பட்டார். மரண தண்டனை வழங்கும் அதிகாரத்தைச் சேதுபதி தாமாகவே செலுத்தினார் என்பதற்கு இது சான்று. 1702இல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படை தோற்றது. தளவாய் நரசப்பையா போரில் இறந்தார். அதன்பின் சேது நாடு தன்னுரிமை பெற்ற அரசாயிற்று.

வருவாய்

நிலவரியே முதன்மை வருவாய். அது விளைச்சலின் பங்காகவும் பணமாகவும் பெறப்பட்டது. சுங்கம், தொழில் வரிகள் ஆகியவையும் இருந்தன. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் எடுக்கப்பட்ட முத்துகள் வழியாகவும் வருவாய் கிடைத்தது. அக்கரையில் முதலில் போர்த்துக்கேயரும், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின் ஒல்லாந்தரும் செல்வாக்குச் செலுத்தியதால் அவர்களுடன் உடன்பாடு கொள்ளவேண்டியிருந்தது.

வருவாயின் பெரும்பகுதி படைக்கும், கோயில்களுக்கும், கட்டடங்களுக்கும், நீர்நிலைகளுக்கும் செலவிடப்பட்டது. வண்டியூர்த் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கரால் அமைக்கப்பட்டது. ராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். தென் மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

நீதி

எழுதப்பட்ட பொதுச் சட்டத்தொகுப்பு எதுவும் இருக்கவில்லை. தரும சாத்திரங்களும், ஊர் வழக்கமும், சாதி வழக்கமும் தீர்ப்புக்கு அடிப்படையாயின. சிறு வழக்குகளை ஊர்ப் பெரியவர்களும் சாதிக் கூட்டங்களும் தீர்த்தன. பாளையங்களில் பாளையக்காரரும், தலைநகரில் மன்னரும் அமைச்சர்களும் விசாரித்தனர். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்ற கருத்து அக்காலத்தில் இல்லை. ஒரே குற்றத்திற்கு இடத்திற்கும் சாதிக்கும் ஏற்பத் தண்டனை வேறுபடக்கூடும். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கு உறுதியான ஒழுங்கும் இருக்கவில்லை.

வாரிசுரிமையும் பதில் ஆட்சியும்

பொதுவாகத் தந்தைக்குப் பின் மகன் பட்டத்திற்கு வந்தார். வாரிசு குழந்தையாக இருந்தாலோ, வாரிசே இல்லாவிட்டாலோ யார் முடிவு செய்வது என்பதற்கு விதி இருக்கவில்லை. இதன் விளைவுகளை இரு அரசியரின் காலங்களை ஒப்பிட்டு அறியலாம்.

1689இல் அரங்க கிருட்டிண முத்துவீரப்ப நாயக்கர் அம்மை நோயால் இறந்தபோது அவருடைய மகன் பிறந்திருக்கவில்லை. பின்னர் பிறந்த குழந்தையான விசயரங்க சொக்கநாதருக்குப் பெயரளவில் பட்டம் சூட்டப்பட்டது. பாட்டியான ராணி மங்கம்மாள் அவர் சார்பில் சுமார் 15 ஆண்டுகள் திறம்பட ஆட்சி நடத்தினார். இது முழுவதும் அவருடைய தனிப்பட்ட ஆற்றலால் இயன்றது.

1732இல் விசயரங்க சொக்கநாதர் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய மனைவி மீனாட்சி, அரச குடும்பத்தைச் சேர்ந்த வங்காரு திருமலையின் மகனைச் சுவீகாரம் எடுத்து ஆட்சியை ஏற்றார். வங்காரு திருமலையோ அரியணை தமக்கே உரியது என்றார். இருவரின் உரிமையையும் ஆராய்ந்து முடிவு சொல்லும் அமைப்பு நாட்டில் இல்லாததால், இரு தரப்பும் ஆற்காடு நவாப்பின் ஆட்களை நாடின. நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் அரசிக்கு உதவுவதாக வாக்களித்துத் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் நுழைந்து, 1736இல் ஆட்சியையே கைப்பற்றினார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார் என்பர். இத்துடன் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது.

அரபு அரசியல்சட்ட முடியாட்சிகளுடன் ஒப்பீடு

யோர்தான், குவைத், மொரோக்கோ ஆகிய அரபு நாடுகள் இன்று அரசியல்சட்ட முடியாட்சிகள் எனப்படுகின்றன. இவற்றிலும் மன்னர் பரம்பரையாக வருபவரே. பிரித்தானியா, சப்பான் ஆகிய நாடுகளின் மன்னர்களைப் போலன்றி இவர்கள் உண்மையான அதிகாரம் உடையவர்கள். அமைச்சரவையை நியமிப்பதிலும் நாடாளுமன்றத்தைக் கலைப்பதிலும் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் மன்னரின் அதிகாரமும் வாரிசு முறையும் எழுத்தில் உள்ளன.

யோர்தானின் அரசியல் சட்டம் 1952இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் மன்னர் தலால் மனநலக் குறைவால் ஆளத் தகுதியற்றவர் என நாடாளுமன்றம் முடிவு செய்தது. மகன் உசேன் வயதுக்கு வரும் வரை பதில் ஆட்சிக் குழு 1953 வரை பொறுப்பேற்றது. குவைத்தில் 2006 சனவரியில் அமீர் சாபர் இறந்தபின் பட்டத்திற்கு வந்த சாத் கடும் நோயுற்றிருந்தார். 1962ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மன்றம் வாக்களித்து அவரை நீக்கியது; சபா புதிய அமீரானார். மொரோக்கோவில் 2011ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி, தேர்தலில் முதலிடம் பெறும் கட்சியிலிருந்தே மன்னர் பிரதமரை நியமிக்கவேண்டும். மங்கம்மாள், மீனாட்சி ஆகியோரின் காலத்தில் மதுரையில் எழுந்த சிக்கல்களை ஒத்தவையே யோர்தானிலும் குவைத்திலும் எழுந்தன. அங்கு அவை அந்நியப் படையின்றித் தீர்ந்தன.

எழுதப்பட்ட சட்டம் மட்டுமே போதுமானது என்று கொள்ளவும் இயலாது. 2024 மே மாதம் குவைத்தின் அமீர் மிசால் தேசிய மன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். சட்டத்தைக் காக்கும் வலிமை மக்களிடமும் அவைகளிடமும் இல்லாவிடில் எழுத்தும் நிறுத்திவைக்கப்படலாம். ஆயினும் எது மீறப்பட்டது என்று சுட்டிக்காட்ட அங்கு ஓர் ஆவணம் உள்ளது. மதுரையில் அத்தகைய ஆவணம் இருக்கவில்லை.

வீழ்ச்சிக்குப் பின்

மைய அரசு வீழ்ந்த பின்னும் பாளையங்கள் நிலைத்தன. ஆற்காடு நவாப்பின் சார்பில் வரி கேட்டவர்களுக்குப் பாளையக்காரர்கள் எளிதில் பணியவில்லை. 1792 உடன்படிக்கையால் பாளையங்களில் திறை திரட்டும் உரிமையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. மன்னருக்குத் தரும் பங்கு என்பது வழக்கத்தாலும் பேச்சாலும் அமைந்த உறவாக இருந்தது. கம்பெனியோ அதனைத் தவணை தவறாத கடனாகக் கருதியது. இம்மோதலே பாளையக்காரர் போர்களுக்கு முதன்மைக் காரணமாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியின் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. 1803இல் எஞ்சிய பாளையங்கள் நிலையான வரித்திட்டத்தின் கீழ் சமீன்களாக மாற்றப்பட்டன. பாளையக்காரர்கள் படையும் காவலும் நீதியும் இழந்து, வரி திரட்டும் சமீன்தார்கள் ஆயினர். இச்சமீன்களும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன.

மதுரைக் கோட்டை 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வெளி வீதிகள் அமைக்கப்பட்டன. திருமலை நாயக்கர் மகாலின் ஒரு பகுதி பின்னாளில் நீதிமன்றமாகவும் பயன்பட்டது. விசுவநாதர் முதல் திருமலை வரையான மன்னர்களின் சிலைகள் மீனாட்சியம்மன் கோயிலின் எதிரே உள்ள புதுமண்டபத்தில் உள்ளன.